வீட்டில் பொம்மைக் கார் ரேஸ் டிராக் போட வேண்டும் – மும்பை, வாடகை வீடு, ஹால் 10க்கு 14 அடி

முலுண்டு அப்பா | சனி, காலை

எல்லோருக்கும் வணக்கம். மழை பிடித்துக்கொண்டது. இனி செப்டம்பர் முடிகிற வரைக்கும் பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்புவது கஷ்டம். பையனுக்கு எட்டு வயது, பெண்ணுக்கு ஐந்து. இரண்டு பேருக்குமே கார் என்றால் உயிர். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வருகிறார், ஸ்கேலெக்ஸ்ட்ரிக் செட் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். டிராக்கில் வெட்டியிருக்கும் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், ஓடுமே, கையில் பிடித்து அழுத்தும் கன்ட்ரோலரோடு, அந்த வகை.

எனக்குத் தெரிய வேண்டியது இவைதான். தரையில் விரித்து விளையாடிவிட்டு எடுத்து வைப்பதா, பலகையில் நிரந்தரமாகப் பொருத்துவதா? வாடகை வீடு என்பதால் சுவரில் துளை போட முடியாது. அமெரிக்காவில் வாங்கும் அடாப்டர் நம்ம ஊர் கரண்டில் ஓடுமா? ஐந்து வயதுக்காரிக்கு இது சரிப்படுமா, அவளுக்கு வேறு ஏதாவது போட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், நிதானமாகப் படிக்கிறேன்.

---

செம்பூர்வாசி | சனி, மதியம்

முதலில் அடாப்டர், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. மச்சானிடம் இப்போதே அட்டைப்பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் உள்ளீடு என்ன என்று அச்சடித்திருக்கும். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால் பிரச்சினையே இல்லை, பிளக் முள்ளை மாற்றும் இணைப்பி ஒன்று போதும். வெறும் 120 வோல்ட் என்று இருந்தால் நம்ம 230 வோல்ட்டில் செருகவே கூடாது, உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். அந்த அடாப்டரை ஓரமாக வைத்துவிட்டு, வெளியீடு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொண்டு லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போங்கள். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையில் நடு முள் பாசிட்டிவா நெகட்டிவா என்று ஒரு சின்னப் படம் இருக்கும், அதையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் கையாளும் சாமான், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்தது தரையா பலகையா. என் கருத்து இதில் உறுதியானது: பலகை. தரையில் போடுவதென்றால் நாற்பது துண்டை மாட்ட வேண்டும், ஆடி முடித்ததும் கழற்ற வேண்டும். முதல் வாரம் உற்சாகமாக நடக்கும். அப்புறம் ஞாயிறு மட்டும் என்றாகும், அதற்கப்புறம் பரணில் ஏறிவிடும். இன்னொன்று, துண்டுகளை மாட்டிக் கழற்ற மாட்டிக் கழற்ற மூட்டில் இருக்கும் உலோக நாக்கு தளர்ந்துபோகும். அங்கேதான் கரண்ட் கசியாமல் போக வேண்டும், அங்கேதான் வண்டி துள்ளும். ஆறடிக்கு மூன்றடி பலகையில் எளிய நீள்வட்டம் ஒன்று எப்போதும் தயாராக இருந்தால், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பால் குடிக்கிற நேரத்தில்கூட ஐந்து சுற்று ஓட்டிவிட்டுப் போவார்கள். டிராக் எவ்வளவு நீளம் என்பதைவிட, நினைத்த நேரத்தில் ஓட்ட முடிகிறதா என்பதுதான் பெரிது.

அளவு சொல்கிறேன். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் நேர்த்துண்டு 35 செ.மீ. நீளம், 15.6 செ.மீ. அகலம். செட்டில் வழக்கமாக வரும் இரண்டாம் ஆர வளைவு எட்டுத் துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம், வெளிவிட்டம் சுமார் 74 செ.மீ. மூன்றடிப் பலகை 91 செ.மீ. அகலம், ஆகவே இரண்டு பக்கமும் எட்டு எட்டு செ.மீ. மிச்சம். வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும், அதற்கு இந்த இடம் வேண்டும். நீளவாக்கில் பக்கத்துக்கு இரண்டு நேர்த்துண்டு போட்டால் மொத்தம் 144 செ.மீ., பலகை 183. தாராளமாக உட்காரும்.

---

சயான் வாத்தியார் | சனி, மாலை

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் சொல்வது சரிவு டிராக். கரண்ட் வேண்டாம், கன்ட்ரோலர் வேண்டாம். மேலிருந்து விட்டால் கீழே ஓடும். ஹாட் வீல்ஸ் மாதிரி சின்ன உலோக வண்டிகள் போதும். மேட்டல் கம்பெனி 1968இல் 16 வண்டிகளோடு ஆரம்பித்தது அது. அந்த வண்டிகள் அப்படி ஓடுவதற்குக் காரணம் மெல்லிய அச்சும், உராய்வு குறைந்த பிளாஸ்டிக் சக்கரமும். நல்ல வண்டி ஒன்றைக் கண்ணாடி மேஜைமேல் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நேராகப் போனால் அது ரேஸுக்கு ஆகும். ஒரு பக்கமாக இழுத்தால் அச்சு வளைந்திருக்கிறது, அந்த வண்டி டிராக்கின் சுவரை உரசி உரசியே வேகத்தை இழக்கும்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் இதை வைத்துத்தான் ஆற்றல் மாற்றம் நடத்துகிறேன். லூப் போட ஆசைப்படுவார்கள், போடுங்கள். கணக்கு இதுதான்: வண்டி லூப்பின் உச்சியில் விழாமல் சுற்ற வேண்டுமென்றால், புறப்படும் இடம் லூப்பின் அடியிலிருந்து ஆரத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரமாவது இருக்க வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள லூப் என்றால் ஆரம் 15, ஆக 37.5 செ.மீ. இது உராய்வே இல்லாத கணக்கு. வீட்டில் 50 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். லூப்பைச் சரிவு முடியும் இடத்திலேயே வையுங்கள். சமதளத்தில் நான்கைந்து மூட்டு தாண்டிய பிறகு வைத்தால் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைத் தின்றுவிடும்.

உயரத்தை ஐந்து ஐந்து செ.மீ.யாகக் குறைத்து, எந்த உயரத்தில் வண்டி லூப்பிலிருந்து விழுகிறது என்று சின்னவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மத்தியானம் முழுக்க அதிலேயே இருப்பாள்.

---

மாட்டுங்கா மாமி | சனி, இரவு

வாத்தியார் சொன்ன சரிவுக்கு எங்கள் வீட்டில் கொலுப்படிதான் உபயோகம். நட்டு போல்ட் போட்டு மாட்டும் இரும்புப் படி, வருஷத்தில் பத்து நாள் போக மிச்ச நாளெல்லாம் கட்டிலுக்கடியில் சும்மாதானே கிடக்கிறது. பேரன்கள் லீவுக்கு வந்தால் ஐந்து படி மட்டும் மாட்டிக் கொடுப்பேன். ஒவ்வொரு படியிலும் டிராக்கை மரக் கிளிப்பால் கவ்வ வைத்துவிட்டால் அசையவே அசையாது. உயரம் மாற்ற வேண்டுமா, ஒரு படி கீழே கிளிப்பை மாற்றினால் போதும். அளக்கவே வேண்டாம்.

நவராத்திரிக்குக் கொலு வைத்தபோது பக்கத்தில் பார்க் போட்டோம் இல்லையா, அதில் மலைக்கோவிலுக்குப் போகிற ரோடாக இந்த டிராக்கையே போட்டான் பெரியவன். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பிள்ளைகள் எல்லாம் பொம்மையைப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

டிராக் கடையில் வாங்கியதுகூட இல்லை. எலக்ட்ரீஷியன் சுவரில் ஒயர் மறைக்க அடிக்கிறானே, வெள்ளைப் பிளாஸ்டிக் கேஸிங் பட்டை, அதில் மேல்மூடியைக் கழற்றிவிட்டால் அடிப்பாகம் இரண்டு பக்கமும் சின்னச் சுவரோடு அச்சாக ஒரு ரோடு. லோகார் சால் மின்சாமான் கடைகளில் கிடைக்கும். பட்டையில் பல அகலம் உண்டு. வண்டி ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் உள்ளே உருட்டிப் பார்த்து வாங்குங்கள்.

---

முலுண்டு அப்பா | ஞாயிறு, காலை

மாமி, கேஸிங் பட்டை யோசனைக்கு நன்றி. இன்றைக்கே வாங்கப் போகிறேன். செம்பூர்வாசி சார், மச்சானைக் கேட்டேன், அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும்தான் இருக்கிறதாம். நல்லவேளையாக முன்பே சொன்னீர்கள்.

பலகை என்றே முடிவு செய்துவிட்டேன். எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக, விலையும் குறைவாக இருக்கிறது என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? எட்டுக்கு நான்கு ஷீட்டாகவே எடுத்துவிடட்டுமா?

---

தாராவி மரவேலை | ஞாயிறு, மதியம்

அண்ணே, எம்.டி.எஃப். வேண்டாம். மும்பை மழையில் ஓரம் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். ஒருதடவை உப்பினால் திரும்ப இறங்காது. ஒரு இடத்தில் இரண்டு மில்லி மேடு வந்தாலே உங்கள் டிராக் மூட்டு வாயைப் பிளந்துகொள்ளும். பிளைவுட் எடுங்கள். ஷீட்டின் மேல் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருந்தால் அது மரைன் பிளை, கொதிநீரையும் தாங்கும் பசை. ஐ.எஸ். 303 போட்டதில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் எதிர்ப்பு) தரமும் போதும், வீட்டுக்குள்தானே இருக்கப் போகிறது. 12 மி.மீ. கனம். அடியில் ஓரம் சுற்றியும் நடுவில் குறுக்காகவும் பைன் கட்டையில் சட்டம் அடிக்க வேண்டும். சட்டம் இல்லாத பிளை, சாய்த்து வைத்தால் நாள்பட வில்லாக வளையும். தரையில் படுக்கப் போட்டாலும் நேராகாது.

எட்டுக்கு நான்கு ஷீட்டை வாங்கி அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். பில்டிங் லிப்டில் நுழையாது, படிக்கட்டுத் திருப்பத்திலும் திரும்பாது. கடையிலேயே அறுத்துத் தருவார்கள், ஆறுக்கு மூன்று கேளுங்கள். மிச்சத் துண்டில் வாத்தியார் சொன்ன சரிவுக்குத் தாங்கல் செய்துகொள்ளலாம். வெட்டின ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் பெயின்ட் அடித்து மூடிவிடுங்கள். எல்லோரும் மேல்பக்கத்துக்கு மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், ஈரம் அடியிலிருந்துதான் ஏறும்.

சுவரில் துளை போட முடியாதென்றால் கட்டிலுக்கடியில் தள்ளும் மாதிரி நான்கு மூலைக்கும் சின்னச் சக்கரம் போடலாம். பெட்டிக் கட்டிலாக இருந்தால் அடியில் இடம் இருக்காது, அப்போது பீரோவுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம். வெளிச்சுவரோரம் மட்டும் நிறுத்த வேண்டாம், மழைக்காலத்தில் அங்கே ஓதம் ஏறும்.

---

டோம்பிவிலி லோக்கல் | ஞாயிறு, இரவு

நான் வேறு பக்கம் பேசுகிறேன். எட்டு வயதுப் பையனுக்குக் கன்ட்ரோலரை அழுத்தி ஒரே வட்டத்தைச் சுற்றுவது ஒரு கட்டத்தில் அலுக்கும். மினி 4 டபிள்யூ.டி. பாருங்கள். ஜப்பானின் டாமியா 1982இல் கொண்டுவந்தது. இரண்டு பென்சில் பாட்டரி, ஒரு சின்ன மோட்டார், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. கையில் கன்ட்ரோலர் எதுவும் கிடையாது. டிராக்கின் இரண்டு பக்கச் சுவரில் வண்டியின் ஓர உருளைகள் உருண்டு, தானே வளையும். ஓட்டுவதில் திறமை இல்லை, கட்டுவதில்தான் திறமை. எந்தப் பல்சக்கரம், எந்த மோட்டார், உருளையை எந்தக் கோணத்தில் வைப்பது என்று பையன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். என் பையன் இயந்திரம் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டது இதில்தான்.

டிராக்கை சன்போர்டு என்ற நுரை அட்டையில் நாமே வெட்டி ஒட்டலாம். தடத்தின் அகலம் 11.5 செ.மீ., சுவர் 5 செ.மீ. உயரம். மூட்டில் கரண்ட், துரு, அடாப்டர் என்ற பேச்சே இல்லை.

---

செம்பூர்வாசி | திங்கள், காலை

//ஒரே வட்டத்தைச் சுற்றுவது ஒரு கட்டத்தில் அலுக்கும்//

இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்லாட் காரில், அதாவது காடியில் ஓடும் இந்த வண்டிகளில், வட்டம் ஒன்றுதான், ஓட்டம் ஒவ்வொன்றும் வேறு. வளைவுக்கு முன்னால் எங்கே விரலைத் தளர்த்துவது, வளைவின் பாதியில் எப்போது மெல்ல அழுத்த ஆரம்பிப்பது, இதை விரல் கற்றுக்கொள்ள வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வளைவுக்குள் வேகமாக நுழைந்து தூக்கி எறியப்படுகிறார்கள். மெதுவாக நுழைந்து வேகமாக வெளியே வருகிறவன் ஜெயிக்கிறான். நிஜ ரேஸிலும் இதுதான் பாடம்.

பெரும்பாலான வண்டிகளின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். டிராக்கின் இரும்புப் பட்டையை அது பிடித்துக்கொள்வதால்தான் வண்டி தரையோடு ஒட்டி ஓடுகிறது. ஆரம்பத்தில் காந்தம் இருக்கட்டும். பையனுக்கு விரல் பழகியதும் அதைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். வண்டியின் பின்பக்கம் வளைவில் அரைத்துக்கொண்டு வெளியே நழுவும், முன்பக்கம் காடியில் நிற்கும். அந்த நழுவலை விழாமல் பிடித்து நிறுத்த ஆரம்பித்துவிட்டால் பெரியவர்களே எழுந்திருக்க மாட்டார்கள்.

டோம்பிவிலி நண்பர் சொன்ன இயந்திரப் பாடம் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டிகளின் வேகத்துக்கு ஆறுக்கு மூன்று பலகை போதாது, சத்தமும் அதிகம். கீழ் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் யோசிக்க வேண்டும்.

---

டோம்பிவிலி லோக்கல் | திங்கள், காலை

சத்தம் உண்மைதான் சார், மறுப்பில்லை. எங்களுக்குத் தரைத்தள வீடு என்பதால் அது தெரியவில்லை. இடம் இருக்கிறவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

முலுண்டு அப்பா | திங்கள், இரவு

பையனிடம் பேசினேன். அவனுக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக் மாதிரியே வேண்டுமாம். போன வருஷம் சென்னை போனபோது என் தம்பி அழைத்துப்போய்க் காட்டினான், அதிலிருந்து அதே நினைப்பு. அளவு குறைத்து அதையே போட முடியுமா?

---

செம்பூர்வாசி | திங்கள், இரவு

அளவு குறைத்தால்கூட முடியாது. இருங்காட்டுக்கோட்டை சுமார் 3.7 கி.மீ. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வண்டிகள் 1க்கு 32 அளவு. 3,700 மீட்டரை 32ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 116 மீட்டர் வருகிறது. கிரேட்டர் நொய்டாவின் புத்த் சர்க்யூட் 5.125 கி.மீ., அது 160 மீட்டர். உங்கள் சொசைட்டி வளாகத்தைச் சுற்றினாலும் பற்றுமா என்று தெரியாது.

பையனின் ஆசையை விட்டுவிடவும் வேண்டாம். நீளத்தைப் பிரதி எடுக்காமல் வளைவுகளின் வரிசையைப் பிரதி எடுங்கள். நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் வலப்பக்கம் வருகிறதா, அதற்கடுத்து இறுக்கமான வளைவா, விரிந்த வளைவா என்று அவனையே வரையச் சொல்லுங்கள். நான்கைந்து வளைவின் வரிசை பொருந்தினாலே அவன் மனதில் அதுதான் இருங்காட்டுக்கோட்டை.

வடிவம் யோசிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். எளிய நீள்வட்டத்தில் இரண்டு தடமும் ஒரே நீளம் இல்லை. தடங்களுக்கு இடையே 7.8 செ.மீ. இடைவெளி. ஒரு முழுச் சுற்றில் வெளித்தடம் உள்தடத்தைவிட 2 × 3.14 × 7.8, அதாவது 49 செ.மீ. நீளம். பத்துச் சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர்! அண்ணன் தங்கை சண்டை அங்கே ஆரம்பிக்கும். இரண்டு வழி உண்டு. மொத்தச் சுற்றில் பாதி முடிந்ததும் தடத்தை மாற்றிக்கொண்டு ஓட்டுவது ஒன்று. எட்டு வடிவத்தில் போட்டு நடுவில் மேம்பாலம் வைப்பது இன்னொன்று. ஒரு பக்கம் வெளியே இருந்த தடம் மறுபக்கம் உள்ளே வந்துவிடும், நீளம் சமமாகிவிடும். மேம்பாலத்தின் ஏற்றம் மட்டும் மெல்ல இருக்க வேண்டும். செங்குத்தாக ஏற்றினால் உச்சியில் வண்டியின் கைடு, அதாவது அடியில் காடிக்குள் இறங்கி நிற்கும் துண்டு, காடியை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

---

பெரம்பூர்க்காரன் (இப்போது அந்தேரி) | செவ்வாய், காலை

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அப்பாவோடு போய்ப் பார்த்தவன் நான். வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்போம். வீட்டுக்கு வந்து தீப்பெட்டியைப் பொடி வைக்கோல் கட்டாக அடுக்கி, கரிக்கட்டியால் தரையில் ரோடு போட்டு விளையாடியிருக்கிறோம். எலக்ட்ரிக் டிராக் எல்லாம் அப்போது வெளிநாட்டுக்காரர் வீட்டில் இருக்கிறதாம் என்ற பேச்சோடு சரி.

இந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கதையும் ருசியானது. இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் 1952இல் ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் சாவி கொடுக்கும் தகர ரேஸ் வண்டிகள் செய்தார். அப்புறம் அவற்றில் மோட்டாரை வைத்து, காடியிலிருந்து கரண்ட் எடுக்கும்படி மாற்றி 1957இல் வெளியிட்டார். இன்றைக்கும் அடிப்படை அதேதான்: ஒரு காடி, இரண்டு பக்கமும் உலோகப் பட்டை, விரலில் ஒரு விசை.

நம்ம ஊரில் இந்த செட்டுகள் விலை ஏறிப்போனதற்குச் சுங்க வரியும் ஒரு காரணம். இறக்குமதிப் பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த வரியை 2020இல் 60 ஆக்கினார்கள், 2023இல் 70. போதாததற்கு 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. மச்சான் கொண்டுவரும்போதே கூடுதலாக நான்கு ஜோடி டயரும், வண்டியின் அடியில் பட்டையிலிருந்து கரண்ட் எடுக்கும் செம்புப் பின்னலும் வாங்கிவரச் சொல்லுங்கள். தேய்ந்துபோவது அவைதான்.

---

வாஷி அம்மா | செவ்வாய், மதியம்

மூன்று மழைக்காலத்தைத் தாண்டிய டிராக் எங்களுடையது. கடற்காற்று வேறு. அதனால் பராமரிப்பு பற்றி எழுதுகிறேன்.

டிராக்கின் பட்டை இரும்பு, அதனால் துரு வரும். முதலில் கறுப்பாக ஒரு படலம், அப்புறம் காவி நிறப் புள்ளி. விளையாடும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் பட்டையை ஒரு சுற்று துடைத்தால் படலம் போய்விடும். உலரவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும், அந்த வேலை பெரியவர்களுடையது. காவிப் புள்ளிக்குப் பேனா எழுத்தை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர். இரும்பு நார் போட்டுத் தேய்க்கவே கூடாது. பொடி பொடியாக உதிர்ந்து வண்டியின் காந்தத்திலும் மோட்டாரிலும் போய் ஒட்டிக்கொள்ளும், ஷார்ட் ஆகும். எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டயரும் வழுக்கும்.

டயரை மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தில் முன்னும் பின்னும் உருட்டினால் அழுக்கு டேப்பில் வந்துவிடும். எத்தனை கறுப்பு வருகிறது என்று பிள்ளைகள் ஆச்சரியப்பட்டுப் பார்ப்பார்கள், அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். வண்டியைத் திருப்பினால் கைடின் இரண்டு பக்கமும் செம்புப் பின்னல் தெரியும். அதன் நுனியை லேசாக விசிறி மாதிரி பிரித்துவிடுங்கள், பட்டையை நன்றாகத் தொடும். அளவுக்கு மிஞ்சிப் பிரித்து ஒரு பக்கத்து இழை மறுபக்கத்தைத் தொட்டால் வண்டி நின்றுவிடும்.

ஜமுக்காளத்தின்மேல் டிராக்கை விரிக்காதீர்கள். பஞ்சு பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தலைமுடியும் அப்படித்தான். பின் அச்சில் சுற்றிய முடியை எடுக்க எங்கள் வீட்டில் ஒரு இடுக்கி டிராக் பக்கத்திலேயே தொங்குகிறது.

சத்தத்துக்குப் பிள்ளைகள் விளையாடும் ரப்பர் பாய்த் துண்டுகளைப் பலகைக்கு அடியில் போடுங்கள். எங்கள் சொசைட்டியில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை சத்தம் கூடாது. அந்த நேரம் துடைக்கிற, பிரிக்கிற வேலைக்கு என்று பிள்ளைகளே பழகிவிட்டார்கள்.

---

முலுண்டு அப்பா | மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு ஒரு சந்தேகமும் கேட்கிறேன். மச்சான் வந்துவிட்டார். பி.டபிள்யூ.ஆர். பிளை, ஆறுக்கு மூன்று, அடியில் சட்டம், நான்கு சக்கரம், எல்லாம் தாராவி நண்பர் சொன்னபடி. புது அடாப்டர் லாமிங்டன் ரோட்டில் வாங்கினேன். மேம்பாலம் அடுத்த கட்டம், இப்போதைக்கு நீள்வட்டத்தையே ஒரு பக்கம் உள்ளே ஒடித்துப் போட்டிருக்கிறோம். அந்த ஒடிவுதான் இருங்காட்டுக்கோட்டை என்று பையன் பெயர் எழுதி ஒட்டிவிட்டான். சின்னவளுக்குக் கேஸிங் பட்டைச் சரிவும் லூப்பும். அவள் வண்டி புறப்படும் உயரத்தைக் குறைத்துக் குறைத்து 45 செ.மீ.யில் நிற்கிறாள்.

சந்தேகம் இது. கரண்ட் ஏறும் துண்டுக்குப் பக்கத்தில் வண்டி பறக்கிறது. அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் சோர்ந்துபோகிறது, இரண்டு வண்டிக்கும் அப்படித்தான். இன்னொன்று: ஒரு வண்டி வெளியே விழுந்ததும் மற்ற வண்டி திடீரென்று வேகமெடுத்து அதுவும் விழுகிறது. அடாப்டர் கோளாறா?

---

லாமிங்டன் ஒயர்மேன் | அன்றே, இரவு

அடாப்டர் கோளாறு இல்லை. இரண்டுக்கும் வெவ்வேறு காரணம்.

எதிர்ப் பக்கச் சோர்வு: கரண்ட் ஒவ்வொரு மூட்டையும் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வோல்ட் இறங்கும். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, வண்டி ஓடும்போது பக்கத்திலும் எதிரிலும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். முதலில் எல்லா மூட்டையும் நகத்தால் தடவிப் பாருங்கள், படி தட்டும் இடத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். அதற்கப்புறமும் சோர்வு இருந்தால் பலகைக்கு அடியில் ஒயர் இழுங்கள். 1 சதுர மி.மீ. பல இழைச் செம்பு ஒயர், கரண்ட் ஏறும் துண்டிலிருந்து எதிர்ப் பக்கத் துண்டுக்கு. ஒரு தடத்துக்கு இரண்டு ஒயர், ஆக மொத்தம் நான்கு. நான்குக்கும் வேறு வேறு நிறம் வையுங்கள். முதல் தடத்தின் இடப்பட்டை அங்கேயும் முதல் தடத்தின் இடப்பட்டைக்குத்தான் போக வேண்டும், மாறினால் ஷார்ட். துண்டின் அடியில் இருக்கும் உலோக நாக்கில் பற்ற வையுங்கள், சூடு அதிகம் காட்டினால் பிளாஸ்டிக் உருகும். இதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

திடீர் வேகம்: இரண்டு தடத்துக்கும் ஒரே அடாப்டர். இரண்டு வண்டியும் சேர்ந்து இழுக்கும்போது வோல்ட் கொஞ்சம் இறங்கி நிற்கும். ஒன்று விழுந்ததும் சுமை குறைந்து வோல்ட் ஏறுகிறது, ஓடுகிற வண்டிக்கு அது உதைத்துத் தள்ளியது மாதிரி. ஆம்பியர் கூடின, வோல்ட் ஆடாத அடாப்டர் போட்டால் பெரும்பகுதி சரியாகும். தடத்துக்கு ஒன்றாக இரண்டு அடாப்டர் கொடுக்க உங்கள் செட் இடம் கொடுத்தால் அதுதான் முழுத் தீர்வு. வேகத்துக்காக வோல்ட்டைக் கூட்டும் எண்ணம் மட்டும் வேண்டாம், மோட்டார் சூடாகிப் போய்விடும்.

---

முலுண்டு அப்பா | மறுநாள்

மூட்டு இரண்டில் நகம் தட்டியது. கழற்றித் துடைத்து மாட்டியதிலேயே பாதி சரியாகிவிட்டது. மிச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒயர் இழுக்கிறேன், மச்சானும் கூட இருக்கிறார். டிராக்கைப் பலகையில் இன்னும் ஆணி எதுவும் அடிக்கவில்லை. பசை போட்டு ஒட்டிவிடலாமா?

---

தாராவி மரவேலை | மறுநாள், இரவு

பசை வேண்டாம் அண்ணே. நாளைக்கு மேம்பாலம் போடும்போது துண்டைப் பெயர்க்க வேண்டிவரும், பிளையின் மேல்தோலும் கூடவே வந்துவிடும். டிராக்கில் துளையும் போட வேண்டாம். துண்டின் இரண்டு ஓரத்தையும் ஒட்டி வெளியே சின்ன மரக்குச்சிகளைப் பலகையில் ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள், டிராக் நடுவே பிடிபட்டு உட்காரும். இறுக்கமாக வேண்டாம், தாள் ஒன்று நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். வெயிலுக்கும் மழைக்கும் பிளாஸ்டிக் ஒரு மாதிரி நீளும், மரம் ஒரு மாதிரி நீளும். கட்டிலுக்கடியில் தள்ளும்போது நழுவாமல் இருக்க நான்கு வளைவிலும் நேர்ப்பாதைக்கு நடுவிலும் குச்சி இருந்தால் போதும்.